ரசாயன ஆபத்தை எடை போடுவது எப்படி?



கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "இந்த ஊர்க் காற்றும் தண்ணீரும் விஷமாகிவிட்டது, இனி இங்கே பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடியிருக்க முடியாது" என்பார் ஒருவர். "நான் முப்பது வருஷமாக இதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்பார் அடுத்த கடைக்காரர். இருவருமே நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இருவருமே தராசில் வைக்காமல் எடை சொல்கிறார்கள்.

நமக்கு இது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. உருக்காலை, உருட்டாலை, ரசாயனத் தொழிற்சாலை, பழைய பேட்டரியிலிருந்து காரீயம் பிரிக்கும் தொழிற்கூடம் என்று பல இடங்களில் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில்தான் நம் வியாபாரம் நடக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் வந்தால்தான் நம் கடன் நோட்டில் நிலுவை தீரும். அதே தொழிற்சாலைகளின் புகையும் தூசியும்தான் நம் கடை வாசலிலும் அரிசி மூட்டையிலும் வந்து படிகின்றன. ஆலைகளை எல்லாம் மூடு என்று நாம் சொல்ல முடியாது. எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது. எனவே எந்தப் பொருளால், யாருக்கு, எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் பார்க்கத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். இதற்கென்று உலகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை ஒன்று உண்டு. பற்று வரவு எழுதத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் அது எளிதில் விளங்கும்.

நஞ்சு வேறு, ஆபத்து வேறு

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும். ஒரு பொருளுக்கு நஞ்சுத் தன்மை இருப்பது வேறு. அதனால் ஒருவருக்குப் பாதிப்பு வருவது வேறு. நம் கடை அலமாரியில் பினாயில் இருக்கிறது, எலி மருந்து இருக்கிறது, பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. மூன்றும் நஞ்சுதான். மூடி திறக்காமல் தனி அலமாரியில் இருக்கும்வரை வாடிக்கையாளருக்கு அவற்றால் ஆபத்து இல்லை. அதே எலி மருந்துப் பொட்டலம் ரவை மூட்டைமேல் கிழிந்தால் நிலைமையே வேறு.

மாறாக, சாதாரண உப்பு கூட அளவு மீறினால் கேடு. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று நம் பெரியவர்கள் சொன்னதும், 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் சொன்னதும் ஒரே கருத்துதான். நஞ்சா இல்லையா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே "அந்த ஆலையில் விஷம் இருக்கிறதாமே" என்பது பாதிக் கேள்வி. "அந்த விஷம் எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை நாளாக, யார் உடம்புக்குள் போகிறது?" என்பதே முழுக் கேள்வி.

நான்கு கேள்விகள்

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு இந்த முழுக் கேள்வியை நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டது. அன்றிலிருந்து பல நாடுகளும் உலக சுகாதார நிறுவனமும் ஏறத்தாழ இந்த வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.

1. பொருள் என்ன? அது உடம்பில் எதைக் கெடுக்கும்?
2. எவ்வளவு உள்ளே போனால் எவ்வளவு கெடுக்கும்?
3. நம் மக்கள் உடம்புக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது?
4. மேலே உள்ள மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு ஆபத்து?

சரக்கு வாங்கும்போது என்ன சரக்கு, என்ன தரம், எத்தனை மூட்டை, கடைசியில் நமக்குக் கட்டுமா என்று வரிசையாகப் பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அதைப் போலத்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூக்கை நம்பலாமா?

பொருள் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் மூக்கைத்தான் நம்புகிறோம். நாற்றம் அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். இது சரியல்ல.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவர் ஊர்களின் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அம்மோனியா மூக்கில் சுருக்கென்று ஏறும் வாயு. அதனால்தான் தூங்கியவர்களும் எழுந்து தப்பிக்க முடிந்தது. இது உடனடிப் பாதிப்பு வகை.

ஆனால் மூடிய அறையில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது. அது ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். காரீயத்துக்கும் வாசனை இல்லை. அது தூசியோடு தூசியாக, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்து மெல்லக் கெடுக்கும். அதற்காக எந்தத் தாயும் நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டாள். எனவே மூக்கு ஒரு எச்சரிக்கை மணி மட்டுமே. அது தராசு ஆகாது.

பழைய பேட்டரி உருக்கும் தொழில் நம் பகுதியில் இருப்பதாலும், மளிகைச் சரக்கோடும் சம்பந்தப்பட்டதாலும் இக்கட்டுரையில் காரீயத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, ரசம் வைக்க ஈயச் சொம்பு விற்கிறோமே, அது வெள்ளீயம். நாம் பேசுவது காரீயம். இரண்டும் வேறு உலோகங்கள். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால் அது பெரிய தவறு.

எவ்வளவு போனால் எவ்வளவு கெடுக்கும்?

பல ரசாயனங்களுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே உடம்பு சமாளித்துக்கொள்ளும். விலங்குகளிடம் சோதித்து, எந்த அளவில் பாதிப்பே தெரியவில்லையோ அதைக் கண்டுபிடிப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் வேறுபாடு இருக்கலாம் என்று அதைப் பத்தால் வகுப்பார்கள். மனிதர்களிலும் நோயாளி, கர்ப்பிணி, குழந்தை என்று வலுவில்லாதவர்கள் உண்டு என்று மீண்டும் பத்தால் வகுப்பார்கள். ஆக நூறில் ஒரு பங்குதான் தினசரி அனுமதி அளவாக வைக்கப்படும். பூச்சிமருந்து எச்சங்களுக்கான கணக்கு பெரும்பாலும் இப்படித்தான்.

புற்றுநோய் உண்டாக்கும் பல பொருள்களுக்கு இந்த எல்லைக்கோட்டைப் போடமாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் இந்த அளவு உட்கொண்டால் பத்து லட்சம் பேரில் எத்தனை பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று கணக்கிடுவார்கள்.

காரீயம் புற்றுநோய்க்காக மட்டும் பயப்படும் பொருள் அல்ல. அது குழந்தையின் மூளை வளர்ச்சியையும் பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்பு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 25 மைக்ரோகிராம் என்று ஓர் அளவு வைத்திருந்தது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அந்தச் சிறிய அளவே குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கக்கூடியது என்று கண்டு, 2010-இல் அந்தக் குழு தன் அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நான்கு கடையில் கடன் வாங்கியவர்

இனி மூன்றாவது கேள்வி. உடம்புக்குள் எவ்வளவு போகிறது? இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் நான்கு கடையில் கணக்கு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்காரரும் தம் நோட்டைப் பார்த்து, "நம்மிடம் பாக்கி குறைவுதான், தாங்குவார்" என்கிறார். நான்கு நோட்டையும் சேர்த்துக் கூட்டினால் அவர் சம்பளத்தைவிட அதிகம். கடைகள் தனித்தனி என்றாலும் கடன்பட்ட குடும்பம் ஒன்றுதான். ரசாயனமும் அப்படியே. காற்று, தண்ணீர், தூசி, உணவு என்று நான்கு வழியில் வருகிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லைக்குள் இருக்கலாம். ஆனால் வாங்கிக்கொள்ளும் உடம்பு ஒன்றே.

15 கிலோ எடையுள்ள ஒரு சிறு குழந்தைக்கு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இவை எந்த ஊரிலும் அளந்து எடுத்தவை அல்ல. ஒவ்வொரு வழியிலும் ஏதாவதொரு விதிமுறையின் எல்லை வரை காரீயம் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு.

காற்று: நம் நாட்டில் 2009-இல் அறிவிக்கப்பட்ட காற்றுத் தர விதிப்படி காரீயத்தின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசித்தால் 5 மைக்ரோகிராம்.

தண்ணீர்: இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரை. ஒரு லிட்டர் குடித்தால் 10 மைக்ரோகிராம்.

தூசி: தரையில் விளையாடி விரலை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் அளவு தூசியும் மண்ணும் போகலாம். அது ஒரு சிட்டிகையைவிடக் குறைவு. குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கா 2024 வரை கைக்கொண்ட வழிகாட்டு அளவு 400 பி.பி.எம். பிறகு அதை 200 ஆகக் குறைத்தார்கள். ஒரு பி.பி.எம். என்றால் ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம். பழைய 400-ஐ வைத்துப் பார்த்தால் 40 மைக்ரோகிராம்.

மஞ்சள் தூள்: நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி மஞ்சளில் காரீயம் 10 பி.பி.எம். வரை. குழந்தை அரை கிராம் மஞ்சள் சேர்ந்த உணவு உண்டால் 5 மைக்ரோகிராம்.

மொத்தம் 60. குழந்தையின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு நாள் ஒன்றுக்கு 4, வாரத்துக்கு 28. நிபுணர் குழு "இதுவே அதிகம்" என்று கைவிட்ட 25-ஐயும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இலாகாவும் "எங்கள் வரம்புக்குள்தான்" என்று சான்றிதழ் தரலாம். குழந்தையின் கணக்கு மட்டும் பற்றில் நிற்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் எல்லோரும் ஆலைப் புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு தரையில் கிடக்கும் தூசியிலிருந்து வருகிறது. புகைபோக்கியிலிருந்து வந்ததும், சாலையில் லாரி கிளப்பியதும், தொழிலாளியின் சட்டையில் ஒட்டி வந்ததும் கடைசியில் தரையில்தான் படிகின்றன. அதைக் கூட்டித் துடைப்பது நம் கையில் இருக்கிறது.

யாருக்கு?

முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம். அவர் 60, 70 கிலோ எடையுள்ள பெரியவர். அதே 60 மைக்ரோகிராம் அவருக்குக் கிலோவுக்கு 1 என்றுதான் ஆகும். மேலும், வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப் போல நான்கு, ஐந்து மடங்கு வரை குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக ஏற்கும். தாயின் எலும்பில் வருஷக்கணக்காகத் தங்கிய காரீயம் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கி சிசுவுக்கும் போகும். தாத்தா நன்றாக இருப்பது பேரனுக்கு நற்சான்று ஆகாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்ட பிறகு, சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையான 756 குழந்தைகளைச் சோதித்தார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. 100 மில்லி ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அளவு கூடக்கூட குழந்தைகளிடம் பதற்றமும் கவனக் குறைவும் கூடியிருப்பதை ஆசிரியர்களின் மதிப்பீட்டில் கண்டார்கள். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. இக்குழந்தைகள் யாரும் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்கள் அல்லர். பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள்.

மஞ்சளில் வரும் வழி

மேலே போட்ட கணக்கில் மஞ்சளுக்கு 5 மைக்ரோகிராம்தான் வந்தது. அது விதிக்கு உட்பட்ட மஞ்சள். மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்கக் காரீயக் குரோமேட் என்ற பெயிண்ட் நிறமியைச் சேர்க்கும் கயவர்கள் தெற்காசியா முழுவதும் இருந்திருக்கிறார்கள். அப்படிக் கலந்த மஞ்சளில் 1,000 பி.பி.எம். காரீயம் இருந்தால், அரை கிராமில் 500 மைக்ரோகிராம். காற்று, தண்ணீர், தூசி மூன்றும் சேர்ந்து கொடுத்ததைப் போல ஒன்பது மடங்கு. ஆலையே இல்லாத கிராமத்துக் குழந்தைக்கும் இது போய்ச் சேரும். நம் கடை வழியாகப் போய்ச் சேரும்.

வங்காளதேசத்தில் இதுதான் நடந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. அரசு பத்திரிகைகளில் எச்சரிக்கை வெளியிட்டது. சந்தை தோறும் துண்டறிக்கை ஒட்டினார்கள். டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்கு அதிகாரிகள் கையடக்கக் கருவியோடு போய் அங்கேயே சோதித்தார்கள். கலப்பட மஞ்சள் வைத்திருந்த மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, சரக்கையும் பறிமுதல் செய்தார்கள். 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூடக் காரீயம் இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் குறைந்தது.

வணிகர்களாகிய நாம் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நகரத்துக் காற்றைச் சுத்தம் செய்யப் பல்லாண்டும் பல கோடியும் ஆகும். மஞ்சளைச் சுத்தம் செய்ய இரண்டு ஆண்டு போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அது ஒரு சில மொத்தச் சந்தைகள் வழியாகவே போக வேண்டியிருந்தது.

லாரியும் கிடங்கும்

நம் பகுதிக்கு இன்னொரு தனிக் கவலை உண்டு. செங்குன்றத்திலிருந்து அரிசியும், ஆந்திராவிலிருந்து மிளகாயும் பருப்பும் வரும் அதே ஜி.என்.டி. சாலையில்தான் சிப்காட்டுக்கு ரசாயனம் ஏற்றிய லாரிகளும் போகின்றன. போகும்போது டிரம், திரும்பும்போது மூட்டை என்று லோடு பிடிப்பது லாரித் தொழிலில் புதிதல்ல.

1958-இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் நஞ்சுண்டு இறந்தார்கள். யாரும் வேண்டுமென்றே விஷம் வைக்கவில்லை. கப்பலில் கோதுமை மாவும் சர்க்கரையும் வந்த இடத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அது ஒழுகி உணவுச் சரக்கில் கலந்துவிட்டது. அந்தச் சோகத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. உணவுப் பொருளைத் தொடும்படி பூச்சிமருந்தை ஏற்றவோ கிடங்கில் வைக்கவோ கூடாது என்பது அதன் விதி.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. 1958-க்கும் 2013-க்கும் இடையே 55 ஆண்டுகள். உணவையும் மருந்தையும் பிரித்து வைக்காத தவறு மட்டும் மாறவில்லை.

சங்கங்கள் கேட்க வேண்டியவை

தனிக் கடைக்காரரால் காற்றையும் நிலத்தடி நீரையும் அளக்க முடியாது. சங்கம் கேட்டால் அளந்ததைப் பெற முடியும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் காற்றுத்தர நிலையம் கும்மிடிப்பூண்டி அந்தோணிப்பிள்ளை நகரில் இருக்கிறது. அதன் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி எல்லை: பி.எம். 10 என்ற வகைக்கு 100 மைக்ரோகிராம், அதனினும் நுண்ணிய பி.எம். 2.5-க்கு 60 மைக்ரோகிராம்.

ஆனால் இத்தகைய தானியங்கி நிலையங்கள் தூசியின் எடையைத்தான் உடனுக்குடன் சொல்லும்; தூசியில் காரீயம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு வடிதாளில் தூசியைப் பிடித்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எனவே "காற்று நன்றாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டு மனுக் கொடுக்காதீர்கள். "எந்தெந்த உலோகத்தை, எந்தெந்த இடத்தில், எந்தத் தேதியில் சோதித்தீர்கள்? மண்ணிலும் கிணற்று நீரிலும் எவ்வளவு இருந்தது? பள்ளிக் குழந்தைகளின் ரத்தம் சோதிக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி இதைக் கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.

இப்படிக் கேட்பது தொழிலுக்கு விரோதம் அல்ல. 2009-இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் 88 தொழிற்பகுதிகளை மதிப்பெண் போட்டுப் பார்த்தது. 70-க்கு மேல் வாங்கிய 43 பகுதிகள் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று அறிவிக்கப்பட்டன. அப்போது நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மணலி 76.32 வாங்கி அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அத்தகைய பகுதிகளில் புதிய தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தடைப்பட்டது. அளந்து முன்கூட்டியே சரிசெய்யாத ஊரில் தொழிலும் முடங்கும், வியாபாரமும் முடங்கும்.

நம் கடையில் இன்றே செய்யக்கூடியவை

1. மஞ்சள், மிளகாய், மல்லி எதுவானாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் தரும் பில்லே சரக்குக்கு உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாத சரக்கில் கலப்படம் இருந்தால் பொறுப்பு நம் தலையில் விழும்.

2. அரைத்த மசாலாப் பொடிகளைப் பொட்டலமிடாமல் சில்லறையில் விற்பதற்குத் தடை உள்ளது. வெயிலும் சாலைத் தூசியும் படும்படி பொடிகளைத் திறந்து வைக்காதீர்கள்.

3. விரலி மஞ்சள் அளவுக்கு மீறிப் பளபளத்தால் ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே நிறம் கழன்றால் சந்தேகப்படுங்கள். உறுதி செய்வது ஆய்வகம்தான். வாங்குபவர் யாரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குத் தர சட்டத்தில் இடம் உண்டு. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பத்து வியாபாரிகள் சேர்ந்தால் செலவு பெரிதல்ல.

4. சரக்கு ஏற்றுமுன் லாரியின் தளத்தைப் பாருங்கள். கறை, பொடி, காரமான நெடி எது இருந்தாலும் கழுவிக் காயாமல் மூட்டை ஏற்ற விடாதீர்கள். முந்தைய லோடு என்ன என்று டிரைவரிடம் கேளுங்கள்.

5. பூச்சிமருந்து, எலி மருந்து, ஆசிட், பினாயில் ஆகியவற்றுக்குத் தனி அலமாரி. ரசாயன டிரம், மருந்து டப்பா எதையும் கழுவிக்கூட எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தாதீர்கள், வாடிக்கையாளருக்கும் விற்காதீர்கள்.

6. காலையில் கடையை வறட்டு விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழுந்து மறுபடியும் மூட்டையில்தான் உட்காரும். தண்ணீர் தெளித்துக் கூட்டி, ஈரத் துணியால் துடையுங்கள். அரிசி, பருப்பு மூட்டைகளின் வாயை மூடி வையுங்கள்.

7. ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ கிடங்குக்குள்ளோ ஓட்டாதீர்கள்.

8. உருக்காலையிலும் பேட்டரிக் கூடத்திலும் வேலை பார்க்கும் வாடிக்கையாளர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். குளித்து உடை மாற்றிய பிறகு தூக்கட்டும். அந்த உடுப்பைத் தனியாகத் துவைக்கட்டும். சாப்பிடுமுன் பிள்ளைகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவி விடட்டும். கேழ்வரகு, கொண்டைக்கடலை, எள், பால், கீரை ஆகியவை வயிற்றில் காரீயம் ஏறுவதைக் குறைக்க உதவும். பாதிப் பொருள் நம் கடையிலேயே இருக்கிறது.

9. கடைசியாக, கடை இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி. கூடுதலாக நூறு ரூபாய் தருகிறார் என்று அதைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் போட்டுவிடுகிறோம். அது கொல்லைப்புற அடுப்பில் உருகினால், அதன் காரீயம் யாரோ ஒரு குழந்தை விளையாடும் மண்ணில்தான் போய்ச் சேரும். 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு பேட்டரித் தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் டீலரிடமே பழையதைக் கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

பயமும் அலட்சியமும் இரண்டுமே கணக்குத் தெரியாததால் வருபவை. அளந்து விற்பதே நம் தொழில். சரக்கை அளக்கும் அதே நேர்மையோடு நம் ஊர்க் காற்றையும் தண்ணீரையும் தூசியையும் அளக்கச் சொல்லிக் கேட்போம். நம் கையில் இருக்கும் மஞ்சளையும் மூட்டையையும் பேட்டரியையும் நாமே சரி செய்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசினால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்ததாகக் கொள்ளலாம்.